தங்கப் பெயின்ட் அடித்த செட்டு

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோவில்பதாகைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் போனேன். அதற்கப்புறம் நான் எழுதியது ரேஷன் கடையில் கையெழுத்தும், பால் வந்த நாளுக்குக் காலண்டரில் போட்ட கோடும்தான். மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நழுவிப்போகிறது. இதை வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. தாளுக்கு முகம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அடுக்குமாடியில் தரைத்தளம். இந்த அடுக்குமாடி நிற்கிற இடம் முன்பு என் மாமனார் பயிர் வைத்த நிலம். பில்டருக்குக் கொடுத்ததில் எங்கள் பங்காக இந்த வீடு வந்தது. நிலம் போச்சே என்று நான் ஒருநாளும் அழுததில்லை. சேற்றில் குனிந்து நாற்று நட்டவளுக்கு டைல்ஸ் தரையின் அருமை தெரியும். மேல் மாடிகளில் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்த கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். கேட்டருகே என்னைப் பார்த்தால், "அந்தக் காலத்து லைஃப் எவ்வளவு அழகா இருந்திருக்கும்ல ஆன்ட்டி" என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். அட்டை கடித்த தழும்பு கணுக்காலில் இன்னும் இருக்கிறது. புடவையைத் தூக்கிக் காட்டவா முடியும்?

வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மருமகள். மகன் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறான். மருமகள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவளும் கம்ப்யூட்டர் வேலைதான். கெட்டவள் இல்லை. சுறுசுறுப்பு அதிகம், அவ்வளவுதான் குறை.

வீட்டுக்காரருக்கு வலது கை கால் விழுந்துவிட்டது. படுக்கைதான். வாயும் ஒரு பக்கம்தான் அசையும். குரல் கொசு பறக்கிற மாதிரி வரும், எழுத்தெல்லாம் குழைந்துபோய் வரும். அது என்னவென்று டாக்டருக்குப் புரியாது, மருமகளுக்குப் புரியாது, பெற்ற பிள்ளைக்கே புரியாது. எனக்கு மட்டும் புரியும். ஆனால் எனக்கும் காது போய்விட்டது. காது மிஷின் மாட்டினால்தான் அந்தக் கொசுக்குரல் எனக்கு எட்டும். மிஷினைக் கழற்றிவிட்டால் லாரி ஹாரனும் பட்டாசும்தான் கேட்கும். மற்றவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்து ஓரளவு பிடித்துக்கொள்வேன். இவருக்குப் பாதி உதடுதான். பார்த்து என்ன பிடிப்பது?

ஒரு பக்கமாகவே படுத்திருந்தால் இவருக்கு இடுப்பில் தோல் வெடித்துவிடும். ஒரு தடவை வெடித்து, புண் ஆழமாகப் போய், ஆறுவதற்குள் மனுஷன் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. இடுப்பு நோக ஆரம்பித்தால் கூப்பிடுவார். உடனே போய்த் திருப்பிப் போட வேண்டும். ஆகையால் அந்த மிஷின் என் காதில் இருந்தாலும் அது அவருடைய இடுப்புக்கான மிஷின்.

அந்த மிஷினுக்கு எங்கள் வீட்டில் செட்டு என்று பெயர். நான் அதை முதல்முதலில் மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு இவர், "வந்தாடா கெய்வி, காதுல ரேடியோ செட்டு கட்டிகினு" என்றார். அப்போது அவருக்கு வாய் நன்றாகவே இருந்தது. வாய்க்குள் அடங்காத நாக்கும் இருந்தது. அன்று முதல் அது செட்டு. காலையில் நான் எழுந்ததும் காதைக் கையால் தட்டிக் காட்டுவார். செட்டை மாட்டு என்று அர்த்தம். ராத்திரியில் அதைக் கழற்றி, நகைக்கடையில் கொடுத்த சின்னச் சிவப்பு டப்பாவில், கம்மல் சுற்றி வந்த ரோஸ் தாளிலேயே சுற்றி வைத்துவிட்டு, அவர் கையால் தட்டி எழுப்புகிற தூரத்தில் படுத்துக்கொள்வேன். கம்மல் எப்போதோ போய்விட்டது. டப்பா உழைக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் அடுக்குமாடியில் ஆண்டுவிழா வந்தது. மருமகள் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, "அத்தை, இந்த வருசம் ரெட்ரோ!" என்றாள்.

எனக்குக் கேட்டதை நான் இவரிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னாது, ரெட்டேரியா?" என்றார் இவர். "அங்க இன்னாத்துக்குப் போறாங்கோ? இங்கயே நம்ம ஏரி கீதே."

"ஏரி இல்லயாம். ரெட்ரோவாம்."

"அத்தாமே சொல்றேன். ரெட்டேரி."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குள் அது ரெட்டேரிதான். ரெட்டேரி என்றால் என்னவென்று மருமகள் எனக்கு விளக்கினாள். எல்லாரும் அந்தக் காலத்து மாதிரி உடுத்திக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரி நடந்துகொள்வார்களாம். எந்தக் காலம் என்று கேட்டேன். "பழசு அத்தை, சும்மா பழசு" என்றாள். அவர்கள் அந்தக் காலம் என்று சொல்வது பெரிய புள்ளி போட்ட சேலை, தலைக்கு மேலே இன்னொரு தலை மாதிரி கொண்டை, காது வரைக்கும் இழுத்த கண்மை. அந்தச் சேலையைப் போட்டோவில் வேறு யாரோ கட்டியிருக்கப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருத்தியும் கட்டவில்லை. மண்ணெண்ணெய் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசை நிற்கிற வேஷம் யாராவது போடுகிறார்களா என்று பார்த்தேன். ஒருத்தரும் போடவில்லை. குழாயடியில் முடியைப் பிடித்துக்கொள்கிற வேஷமும் இல்லை. அதெல்லாம் ரெட்ரோவில் சேராது போலிருக்கிறது.

வேஷம் கட்டினால் மட்டும் போதவில்லை இவர்களுக்கு. கையில் இருக்கிற சாமானும் வேஷம் கட்ட வேண்டுமாம். அந்த வேலைக்கு மூன்றாவது மாடியில் ஒருத்தர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான மனிதர், ஓயாமல் சிரித்த முகம். கரையான்சாவடியில் இருக்கிற காயலான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, பழைய டப்பா எல்லாம் கொண்டுவந்து போட்டார். கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். கையைத் தூக்கினால் விளக்கு எரிந்து, எத்தனை அடி நடந்தாய் என்றுகூடச் சொல்லுமாம். அதன் முகத்தின் மேல் பழைய கடிகாரத்தின் முகத்தை வெட்டி ஒட்டிவிட்டார். முள் இரண்டும் வரைந்தது. அதன் பிறகு அவரிடம் மணி கேட்டால், கடிகாரத்தைப் பெருமையாக ஒரு தடவை காட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்டுச் சொல்லுவார். படித்த படிப்பு வீண்போகவில்லை.

பிறகு எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவுக்கு வந்தார். அது ஓடி வெகுகாலம் ஆகிறது. பரணில் கிடந்தது.

"ஏனுங்கம்மா, இதக் கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா? ரொம்பப் பொக்கிஷமுங்க இது."

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பெட்டி ஓடின காலத்தில் என்னை அதற்குப் பக்கத்தில் உட்காரவிட்டவர் யார்? ஆம்பிளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், நான் உள்ளே புகையில் நின்று அவர்களுக்குக் காப்பி போடுவேன். எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து, கோழியைச் சுத்தம் பண்ணுகிற மாதிரி அதன் வயிற்றிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு புதுப் பாட்டுப் பெட்டியை உள்ளே வைத்து மூடினார். மருமகளின் மொபைலில் பாட்டைத் தொட்டால், கம்பியே இல்லாமல் அந்த ரேடியோ பாடியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

இவர் படுக்கையிலிருந்தபடி என்னைப் பார்த்தார். "உள்ள கீறத எல்லாம் தோண்டிக் கடாசிட்டு, தோல மட்டும் வெச்சிகினா, அத்தான் ரெட்டேரி. பிரிஞ்சிச்சா?" என்றார்.

"அண்ணா கேக்காங்க, மாமா என்ன சொல்லுதாங்க?" என்றாள் மருமகள்.

"நல்லா கீதாம்" என்றேன்.

மருமகளின் மொபைலுக்கும் வேஷம் வந்தது. பழைய பாட்டுக் கேசட் படம் போட்ட அட்டை ஒன்றை அதன் முகம் முழுக்க ஒட்டினார். கேசட்டின் நடுவில் நாடா சுற்ற இரண்டு ஓட்டை இருக்குமே, அந்த இரண்டு ஓட்டை வழியாக மட்டும் கண்ணாடி தெரியும். பாட்டை முடுக்கிவிட்டுத்தான் அட்டையை மூட வேண்டும். "போன் வந்தா என்னண்ணா பண்ணுவேன்?" என்று மருமகள் கேட்டாள். "விழா நேரத்துல யாருங்க கூப்பிடப் போறாங்க?" என்றார். அவருக்குக் கூப்பிடுகிறவர்கள் இல்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருத்தர் இருந்தார். பெரிய பெரிய எண் போட்ட ஒரு பட்டன் போனை இவரது இடது கைப்பக்கம் எப்போதும் வைத்திருப்போம். ஒரே பட்டனை அழுத்திப் பிடித்தால் மருமகளுக்கு மணி அடிக்கும். இவர் பேசினால் அவளுக்குப் புரியாது என்பதால், அவள் போனை எடுக்காமல் வெட்டிவிட்டு, "அத்தை, மாமா கூப்பிடுதாங்க" என்று என்னை அனுப்புவாள். நான் மாடிக்கு வடகம் காயப்போடப் போகிற நேரத்துக்கு அந்த ஏற்பாடு.

மேடையில் என்னையும் உட்காரவைப்பது என்று யாரோ முடிவு பண்ணினார்கள். பிரம்பு நாற்காலியில், ரேடியோவுக்குப் பக்கத்தில், கையில் விசிறியோடு. நான் ஒன்றும் பேச வேண்டியதில்லையாம், சும்மா இருந்தால் போதுமாம். "நீங்க ஒரிஜினல் அத்தை" என்றாள் மருமகள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். சுற்றி ஐந்தாறு பெண்கள் புள்ளிச் சேலையோடு நின்று என் முகத்தையே பார்த்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர்களில் ஒருத்தி என் காதைப் பார்த்து, "இது மட்டும் கொஞ்சம் மாடர்னா தெரியுதே" என்றாள். மூன்றாவது மாடிக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்து என் காதைப் பார்த்தார். ரேடியோவைப் பிரிக்கும் முன்னால் அப்படித்தான் பார்த்தார்.

விழாவுக்கு முந்தின நாள் மருமகள் ஆபீஸிலிருந்து போன் பண்ணினாள். "அத்தை, மூணாவது மாடி அண்ணா வருவாங்க. சிவப்பு டப்பால இருக்கற செட்டை எடுத்துக் குடுத்துருங்க. நிறம் மங்கிப்போச்சுல்லா, தங்கப் பெயின்ட் அடிச்சுத் தாரேன்னு சொல்லிருக்காங்க."

அவள் சொன்னது கவரிங் செட்டு. மேடையில் எனக்குப் போடுவதற்காக ஒரு நெக்லஸும் மாட்டலும் அவளுடைய சிவப்பு டப்பாவில் வைத்திருந்தாளாம். எனக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் செட்டு ஒன்றுதான், சிவப்பு டப்பாவும் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதற்கு முந்தின நாள்தான் என் காதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவர் கதவைத் தட்டினார். நான் செட்டைக் கழற்றி, ரோஸ் தாளில் சுற்றி, டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

கொடுத்த பிறகு அவர் வெகுநேரம் எதையோ விளக்கிச் சொன்னார். கையை ஆட்டினார், காதைத் தொட்டார், மேலே காட்டினார். கேட்கிற சாமானைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு காதில்லாதவளுக்கு விளக்கம் சொல்கிறார் மனிதர். நான் சரி சரி என்று தலையாட்டினேன். காது போனவர்கள் எல்லாருக்கும் தலை நன்றாக ஆடும். அவரும் மகிழ்ச்சியாகப் போனார். பெயின்ட் அடித்து உடனே தந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். காய வேண்டாமா? மறுநாள் காலையில்தான் வந்தது.

அன்று சாயங்காலம் இவர் என்னிடம் எதையோ கேட்டார். தண்ணீர் கொண்டுபோனேன். தலையாட்டினார், இல்லை. பெட்பேன் கொண்டுபோனேன். இல்லை. ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன், ஜன்னலைத் திறந்தேன். அவர் பாதி வாயால் கத்துகிறார் என்பது கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிகிறது, ஒரு சத்தமும் எனக்கு வரவில்லை. காதை அவர் வாய்மேல் வைத்துப் பார்த்தேன். மூச்சுதான் சுட்டது. "இன்னா வோணும், சொல்லுயா" என்று நானும் கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் அவர் இடது கையால் என் காதைத் தட்டிக் காட்டினார். செட்டு எங்கே என்றுதான் அத்தனை நேரமும் கேட்டிருக்கிறார். பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறது என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்க முடியாதே. நானாகவே அடிக்கடி போய்த் திருப்பித் திருப்பிப் போட்டேன். மருமகள் விழா வேலையெல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தபோது நான் படுத்துவிட்டேன்.

காலையில் மூன்றாவது மாடிக்காரர் செட்டைப் பஞ்சில் வைத்து, கோவில் பிரசாதம் மாதிரி நீட்டினார். தகதகவென்று இருந்தது. முதுகில் சிவப்புக் கல் ஒட்டி, கூந்தலில் மாட்ட ஒரு முத்துச் சங்கிலி தொங்கவிட்டிருந்தார். நிஜமாகவே நகை மாதிரிதான் இருந்தது. காதில் மாட்டினேன். சத்தம் இல்லை. திருகினேன், தட்டினேன். சத்தத்தை உள்ளே விடுகிற பொடி ஓட்டைகள் எல்லாம் தங்கமாகிவிட்டிருந்தன. "கேக்கல" என்று சொன்னேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

மருமகள் குளியலறையிலிருந்து வந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கில் எனக்கு விஷயம் புரிந்தது. இரண்டு பேரும் வாயை வாயை அசைத்தார்கள். இவள் டப்பாவைக் காட்டுகிறாள், அவர் என்னைக் காட்டுகிறார், நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவள் மொபைலில் பெரிய எழுத்தில் எழுதி என் முன்னால் நீட்டினாள். "நான் சொன்னது கவரிங் செட்டு அத்தை!! இன்னிக்கு ஞாயிறு, கடை லீவு. நாளைக்கு அம்பத்தூர் போய் சரி பண்ணிரலாம். இன்னிக்கு ஒரு நாள் சமாளிங்க. அப்படியே மாட்டிக்கோங்க, சூப்பரா இருக்கு."

சூப்பராகத்தான் இருந்தது. எனக்குக் காதும் இல்லை, கம்மலும் இல்லை. அதற்கு இரண்டையும் சேர்த்த மாதிரி ஒரு அலங்காரம். இவரை யார் பார்ப்பது என்று கேட்டேன். "கொஞ்ச நேரந்தான்" என்று விரலால் காட்டினாள். விழா நடப்பது எங்கள் ஜன்னலுக்கு எதிரே, கார் நிறுத்துகிற இடத்தில்தான். இவரை இடது பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பட்டன் போனை இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன்.

கொஞ்ச நேரம் என்றது பொய். யாரோ பெரிய மனிதர் வர வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் மேடையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே அத்தனை பேர். ஆண்களின் கால்சட்டை கீழே பாவாடை மாதிரி அகலம். எல்லாரும் என்னைப் போட்டோ எடுத்தார்கள். பக்கத்தில் வந்து குனிந்து, என்னோடு சேர்ந்தும் எடுத்தார்கள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்து, பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் போட்டிருந்தார்கள். எனக்கு நாற்காலியின் கால் அதிர்வது மட்டும் தெரிந்தது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை போட்டிருந்தது. இத்தனை நேரத்துக்கு அவரை இரண்டு தடவை திருப்பியிருப்பேன். எழுந்து போகலாம். போக வேண்டியதுதான். ஆனால் அத்தனை பேர் எதிரில் எழுந்து நடக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

திடீரென்று நாற்காலியின் அதிர்வு நின்றது. பாட்டுக்குப் பதில் மணி அடித்திருக்கிறது. ரேடியோவுக்குள் டெலிபோன் மணி. மூன்றாவது மாடிக்காரர் பாய்ந்து வந்து, மேஜைமேல் இருந்த மருமகளின் மொபைலை எடுத்தார். கேசட் அட்டையின் இரண்டு ஓட்டையிலும் இரண்டு பொத்தான் எரிந்திருக்கிறது, எடுக்கப் பச்சை, வெட்டச் சிவப்பு. அவர் போட்டிருந்ததோ கன்னங்கரிய கூலிங் கிளாஸ். அதற்குள்ளிருந்து பார்த்தால் பச்சை ஏது, சிவப்பு ஏது? எதையோ அமுக்கினார்.

அப்போது எனக்குக் கேட்டது. செட்டு வழியாக இல்லை. காது, நெஞ்சு, நாற்காலி எல்லாவற்றின் வழியாகவும் கேட்டது.

"ஏ... இன்னாமே... குந்திகினே கீறியா? வாமே... வந்து திருப்பிப் போடுமே... இடுப்பு நோவுது..."

வாய் விழுந்த பிறகு அவர் குரலை அவ்வளவு பெரிதாக நான் கேட்டதில்லை. தூரத்து வரப்பில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவாரே, அந்த அளவு. ஒலிபெருக்கிப் பெட்டி அத்தனையும் அவர் குரல். எதிரே பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டினார்கள். அந்தக் காலத்து ரேடியோவில் நாடகம் போடுவார்களே, அப்படி ஏதோ மெட்ராஸ் பாஷையில் தமாஷ் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடிக்காரர் முதலில் திகைத்தார். கைதட்டலைப் பார்த்ததும் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார்.

நான் எழுந்தேன். விசிறி எங்கே போனது என்று தெரியாது. முத்துச் சங்கிலி நாற்காலியில் மாட்டியது, ஒரே இழுப்பாக இழுத்தேன். மேடையை விட்டு இறங்கி, நடுவில் இருந்த நாற்காலி வரிசைக்குள்ளேயே புகுந்து போனேன். அதற்கும் கை தட்டினார்கள். ஒரு பையன் என்னைப் படம் எடுத்துக்கொண்டே பின்னாலேயே நடந்தான். அவனைத் தள்ளிவிட்டேன். இந்த வயதில் நான் ஒருத்தரைத் தள்ளியது அது ஒன்றுதான். தள்ளினதில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

அவர் தலையணையிலிருந்து சரிந்து, இடுப்பெலும்பு கட்டிலில் அழுந்தக் கிடந்தார். போன் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் தோளைப் பிடித்தேன், தனியாகத் தூக்க வரவில்லை. அதற்குள் மருமகள் ஓடிவந்தாள். கொண்டை ஒரு பக்கம் சரிந்து, கண்மை கன்னத்தில் ஒழுகி, புள்ளிச் சேலை காலில் சிக்க வந்து, அவர் காலைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் திருப்பினோம். பழைய புண் இருந்த இடம் செக்கச்செவேல் என்று இருந்தது. தோல் பிரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பெரிய மனிதருக்காக விசிறியோடு உட்கார்ந்திருந்தால் பிரிந்திருக்கும். நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். மருமகள் வாய் மூடாமல் என்னமோ சொல்லிக்கொண்டே அழுதாள்.

அவள் சொன்னதெல்லாம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. போனை யாரும் வெட்டவில்லை. "மாமா, பொறுத்துக்கோங்க மாமா" என்றதும், "காது மிஷினுக்குப் போய் பெயின்ட் அடிச்சிருக்காரு, அறிவுகெட்ட மனுசன்" என்றதும், "நானும் ஒரு லூசு, அப்படியே மாட்டிக்கோங்கன்னு சொன்னேன்" என்றதும் ஒலிபெருக்கியில் போயிருக்கிறது. அதற்கப்புறம்தான் மூன்றாவது மாடிக்காரர் கூலிங் கிளாஸைக் கழற்றினாராம்.

மறுநாள் அம்பத்தூரில் காது மிஷின் கடையிலிருந்த பெண் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு பாட்டி உங்களுக்கு நகை செஞ்சு குடுத்தது?" என்றாளாம். உள்ளே ஒரு சாமானை மாற்றி, ஓட்டைகளைச் சுரண்டி, கல்லைப் பெயர்த்துக் கொடுத்தாள். மடிப்புகளில் தங்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது போகாதாம். வீட்டுக்கு வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். என்ன சொல்வாரோ என்று குனிந்தேன்.

"இன்னாமே, ரெட்டேரி பஸ்ஸு வந்துச்சா?" என்றார்.

கொசுக்குரல்தான். முழுசாகக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது மாடிக்காரர் பெரிய கப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழாவில் சிறந்த நிகழ்ச்சிக்கான பரிசாம். ரேடியோ நாடகத்துக்குத்தான் கொடுத்தார்களாம். அந்தப் பெரிய மனிதர் பாதியில் வந்தவர், கைதட்டலை மட்டும் கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, என்ன சொல்றதுன்னே தெரியலீங்க" என்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பிறகு அவருக்கே அந்த நிலை பிடிக்கவில்லை போலும், "அய்யா வாய்ஸுக்குக் கிடைச்சதுங்க இது. இங்கயே இருக்கட்டுமுங்க" என்று கப்பை இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இவர் கப்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அதுல மூத்திரம் புடிக்கலாமா, கேளுமே" என்றார்.

"மாமா என்ன சொல்லுதாங்க அத்தை?" என்றாள் மருமகள்.

"தேங்க்ஸ் சொல்றாரு" என்றேன்.

இவருக்குப் பாதி வாய் சிரித்தது. கப்பில் இப்போது இவருடைய மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

இதில் பாதி நான் காதால் கேட்டு எழுதியது இல்லை. அன்றைக்கு எனக்குக் காது இல்லை. மருமகள் பிறகு சொன்னதைக் கேட்டு எழுதியது. ஆனால் ஒரு இடத்தை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். இவர் ஒலிபெருக்கியில் பேசியபோது, "குந்திகினே கீறியா" என்றதற்குக் கை தட்டினார்களா, "இடுப்பு நோவுது" என்றதற்கு அப்புறமும் தட்டினார்களா? நான் பார்த்தபோது கைகள் அசைந்துகொண்டிருந்தன, எந்தச் சொல்லுக்கு எந்தக் கை என்று எனக்குத் தெரியவில்லை. மருமகளைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முதல் சொல்லோடு நின்றிருந்தால், இங்கே நான் எழுதியதில் சில வரிகளை அடித்துவிடுகிறேன். அன்றைக்கு அங்கே காதோடு இருந்தவர்கள் இதைப் படித்தால், யோசித்து, உள்ளபடி சொல்லுங்கள்.